பாதிப் பாட்டும் புனுகு வாசனையும்

இலுப்பைக் காட்டுப் பறவைகளுக்கு ஒரு சபை இருந்தது. காட்டின் நடுவில் நின்ற பெரிய இலுப்பை மரம்தான் அவர்களுடைய கோவில். கூரை கிடையாது, மணி கிடையாது. கிழக்கு வெளுத்ததும் எல்லாப் பறவைகளும் அங்கே வந்து கூடும். மயில்தான் சபைக்கு மூப்பர். அவர் தோகையை மடக்கிக்கொண்டு தொண்டையைச் செருமுவார். உடனே எல்லாரும் பாடுவார்கள்.

ஒரே ஒரு பாட்டு. அதிலும் இரண்டே அடி.

"முட்டைக்குள் உயிரை வைத்தவர் அவரே!
முட்டைமேல் சிறகை வைத்தவரும் அவரே!"

ஆண்டவரே இந்தப் பாட்டை முதல் பறவைக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் பறவை தன் குஞ்சுக்குச் சொன்னது. அந்தக் குஞ்சு வளர்ந்து தன் குஞ்சுக்குச் சொன்னது. அப்படியே வந்த பாட்டு.

பாடி முடித்ததும் தாய்ப் பறவைகள் அவசர அவசரமாகக் கூட்டுக்குத் திரும்பி முட்டைமேல் உட்காரும். பாட்டு சின்னதாக இருப்பதே அதனால்தான். முட்டை ஆறிப்போகும் முன்னே வீடு போய்ச் சேர வேண்டுமே!

அந்தச் சபையில் எப்சிபா என்று ஒரு கௌதாரி இருந்தாள். அவள் முட்டை இட்டது அதுதான் முதல் தடவை. காய்ந்த புல்லுக்கு நடுவே, தரையில் கூடு வைத்திருந்தாள். பாட்டுப் பாடுவதைத் தவிர வேறு எதற்கும் அவள் சபையில் வாய் திறந்ததில்லை. கடைசி ஆளாக வருவாள், கடைசி வரிசையில் நிற்பாள்.

ஒருநாள் காலையில் மரத்தடிக்கு ஒரு வாசனை வந்தது. அப்படி ஒரு வாசனையை அந்தக் காடு அறிந்ததில்லை! பறவைகள் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. புதருக்குள்ளிருந்து ஒரு புனுகுப்பூனை வந்தது. மெல்ல நடந்து வந்து தலையைத் தாழ்த்தியது.

"பிரியமான பறவைகளே, ஸ்தோத்திரம்!"

மூப்பர் குறுக்கே வந்து நின்றார். "நில்லும்! உமக்குப் பல் இருக்கிறது. இது பறவைகளின் சபை!"

"பல் இருந்தால் என்ன மூப்பரே? நான் பழம் தின்கிறவன். உங்களைப்போல மரத்தில் குடியிருக்கிறவன். ஆண்டவர் என்மேல் ஊற்றின வாசனையை நீங்களே முகர்ந்து பாருங்கள். கெட்டவனிடம் இப்படி மணக்குமா?"

"மணக்கவே மணக்காது ஐயா!" என்றது மைனா. "நீங்க வந்ததும் காடே கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு! மூப்பரே, வந்தவங்களை வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேக்குறது நம்ம சபைக்கு மரியாதையா?"

மூப்பருக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வழி விட்டார்.

புனுகுப்பூனை முதல் நாள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டது. முதல் அடி முடிந்ததும் அழுதது!

"ஆகா! 'முட்டைக்குள் உயிரை வைத்தவர் அவரே!' என்ன சத்தியம்! இன்னொரு தரம் பாடுங்கள்!"

பாடினார்கள்.

"இன்னும் ஒரு தரம்! கண்ணை மூடிக்கொண்டு பாடுங்கள்!"

மறுபடியும் பாடினார்கள். இப்படித் திரும்பத் திரும்ப அந்த ஒரே அடி. வெயில் ஏறிவிட்டது. இரண்டாம் அடிக்கு நேரமே இல்லாமல் போயிற்று. மறுநாளும் அப்படித்தான். அடுத்த நாளும் அப்படித்தான். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. மனசு அவ்வளவு உருகியிருந்தது!

பிறகு ஒருநாள் அது போதிக்கத் தொடங்கியது.

"பிரியமானவர்களே! முட்டைக்குள் உயிரை வைத்தது யார்?"

"ஆண்டவர்!"

"அதை வெளியே கொண்டுவர அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்!"

"அப்படியானால் நீங்கள் ஏன் முட்டைமேல் போய் உட்காருகிறீர்கள்? ஆண்டவருக்குச் சூடு போதவில்லையா? உங்கள் வயிற்றுச் சூட்டைக் கடன் கேட்டாரா? அடைகாக்கிறது அவிசுவாசம்! அவரை நம்புகிறவள் எழுந்து நிற்கட்டும்!"

மரம் முழுவதும் விம்மல் கேட்டது. புறா தபித்தாள் முதலில் எழுந்து நின்றாள். அவள் நல்லவள். ஆண்டவருக்கென்றால் உயிரையும் கொடுப்பாள்.

"ஐயா, இத்தனை நாளும் நான் அவரை நம்பாமலா உட்கார்ந்திருந்தேன்?" என்று அழுதாள்.

"அழாதே மகளே. உன் கூட்டைக் காட்டு. உன் முட்டைகளுக்குப் புனுகு பூசி ஜெபிக்கிறேன். அப்புறம் நீ அவற்றைத் தொடவே வேண்டாம்."

அன்று அது கூடு கூடாக ஏறி இறங்கியது. ஒளித்து வைத்திருந்த கூடுகளைக்கூடத் தாய்மார்களே கூட்டிப்போய்க் காட்டினார்கள். எப்சிபாவும் புல்லை விலக்கிக் காட்டினாள். எல்லாரும் காட்டும்போது அவள் மட்டும் எப்படி மாட்டேன் என்பாள்? அன்றிலிருந்து பகலில் அவளும் அடைகாக்கவில்லை; இரவுக் குளிரில் மட்டும் மனசு கேட்காமல் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் தபித்தாளின் கூடு காலியாக இருந்தது. ஓட்டின் ஒரு துண்டுகூட இல்லை.

புனுகுப்பூனை முன்னங்கால்களை உயர்த்தி, "அல்லேலூயா!" என்றது. "தபித்தாளின் விசுவாசத்தைப் பார்த்து, ஆண்டவர் முட்டைகளை அப்படியே மேலே எடுத்துக்கொண்டார்! சாட்சி சொல் மகளே!"

தபித்தாள் சாட்சி சொன்னாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எல்லாரும் சிறகடித்தார்கள். அதன்பிறகு நாளுக்கு ஒரு கூடு காலியானது. சபை கண்ணை மூடி நிற்கும்போதுதான் காலியானது. அதை யாரும் கவனிக்கவில்லை. கண்தான் மூடியிருந்ததே!

ஒருநாள் எப்சிபா கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் தபித்தாளின் மரத்தைத் தாண்டிப் போனாள். மேலே பார்த்தாள். தபித்தாள் வெறுங்கூட்டில் இருந்தாள். ஒரு குச்சியை இழுத்துச் சரிசெய்தாள். உடம்பைத் தாழ்த்தி, சிறகை விரித்து, ஒன்றுமில்லாத இடத்தை மெதுவாக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எப்சிபா அங்கே நிற்கவில்லை. தன் கூட்டுக்கு ஓடினாள்.

முட்டைகள் இருந்தன. அலகால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தன!

"ஐயோ, என் கண்ணுகளா!"

விழுந்தடித்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. அவள் அசையவில்லை. இரை தேடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு, நெஞ்சுக்கு நேர் கீழே, ஒரு சின்னத் தட்டல்.

டிக்.

எப்சிபாவின் இறகெல்லாம் சிலிர்த்தது. கதவு இல்லாத, ஜன்னல் இல்லாத, கல்லு மாதிரி மூடின ஓட்டுக்குள்ளே ஒரு உயிர் நின்று தட்டுகிறது! யார் அதை அங்கே வைத்தது? யார் அதற்குத் தட்டச் சொல்லிக் கொடுத்தது? அவள் வாய் தானாகப் பாடியது.

"முட்டைக்குள் உயிரை வைத்தவர் அவரே...
முட்டைமேல் சிறகை வைத்தவரும் அவரே..."

பாடிவிட்டுத் திகைத்துப் போனாள். இரண்டாவது அடி! இதைப் பாடி எத்தனை நாளாயிற்று? அந்தப் புனுகு ஐயா வந்ததிலிருந்து பாடவே இல்லையே! உயிரை வைத்த அதே கைதானே சிறகையும் வைத்தது? அப்படியானால் உட்காருவது எப்படி அவிசுவாசமாகும்?

மறுநாள் காலை அவள் கூட்டத்துக்குப் போகவில்லை. காய்ந்த புல்லோடு புல்லாக முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் முதல் அடி கேட்டது. மறுபடியும் முதல் அடி. பிறகு, "எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக ஜெபியுங்கள். நான் சொல்லும்வரை திறக்காதீர்கள்!" என்ற குரல்.

சற்று நேரத்தில் புல் அசைந்தது. வாசனை வந்தது. முட்டைகளில் தான் பூசிய புனுகை மோப்பம் பிடித்துக்கொண்டே புனுகுப்பூனை நேராகக் கூட்டுக்கு வந்து குனிந்தது. அவளைக் கண்டதும் துள்ளி விலகியது.

"அட, எப்சிபாவா! ஆராதனைக்கு வரலையா அம்மா?"

"முட்டை ஆறிப்போகும் ஐயா."

"இன்னுமா இந்த அவிசுவாசம்! எழுந்திரு. நான் பார்த்துக்கொள்கிறேன்."

எப்சிபா எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்திக் கேட்டாள். "ஐயா, அங்கே எல்லாரும் கண்ணை மூடி நிக்கிறாங்க. நீங்க மட்டும் இங்கே எதுக்கு வந்தீங்க?"

"ஊழியக்காரனையா கேள்வி கேட்கிறாய்?"

"பாட்டில் ரெண்டாவது அடி இருக்கே ஐயா. அதை ஏன் எங்களைப் பாட விடலை?"

"அது பலவீனருக்கு உண்டானது. உன்னை மாதிரி மண்ணில் கூடு கட்டுகிறவர்களுக்கு!"

"நான் பலவீனம்தான் ஐயா. அதனாலதான் எந்திரிக்காம இருக்கேன்."

புனுகுப்பூனை பல்லைக் காட்டியது. இப்போது அது மிகவும் கிட்டத்தில் நின்றது. புனுகு வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை அவளுக்கு வந்தது. பச்சை முட்டையின் வாடை!

"நீயாக எழுந்திருக்கிறாயா? இல்லை, உன்னையும் சேர்த்துத் தின்னட்டுமா?"

எப்சிபாவுக்குச் சிறகு இருந்தது. ஒரே சிறகடிப்பில் பறந்திருக்கலாம். உயிர் தப்பும். முட்டை தப்பாது. அவள் இரண்டு சிறகையும் விரித்தாள். பறக்கவில்லை. முட்டைகளை மூடினாள். கண்ணைத் திறந்துகொண்டே, உள்ள சத்தமெல்லாம் சேர்த்துப் பாடினாள்.

"முட்டைமேல் சிறகை வைத்தவரும் அவரே!"

பல் அவள் முதுகில் பதிந்தது. இறகு பறந்தது. அவள் மறுபடியும் பாடினாள்.

இலுப்பை மரத்தடியில் மௌனமாக நின்ற பறவைகளின் காதில் அது விழுந்தது. மூப்பரின் அலகு தன்னையறியாமல் கூடச் சேர்ந்து அசைந்தது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். புனுகுப்பூனை நின்ற இடம் காலி!

"ஐயா எங்கே?" என்று மூப்பர் அலறினார். "கண்ணைத் திறங்க எல்லாரும்! எப்சிபா கூட்டுக்கு ஓடுங்க!"

மயிலின் அலறல் காட்டையே உலுக்கியது. எல்லாப் பறவைகளும் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. தபித்தாள்தான் முதலில் வந்து புனுகுப்பூனையின் மேல் விழுந்தாள். மூப்பர் காலால் உதைத்தார். மைனா காதைக் கொத்தியது.

"ஆண்டவருடைய தாசனைத் தொடுகிறீர்கள்! சாபம் வரும்!" என்று கத்திக்கொண்டே ஓடியது புனுகுப்பூனை.

"சாபத்தை ஓடிக்கிட்டே சொல்லுங்க ஐயா! நின்னா காது இருக்காது!" என்று மைனா துரத்தியது.

அது காட்டைத் தாண்டி ஓடியே போயிற்று.

பறவைகள் எப்சிபாவைச் சுற்றி நின்றன. முதுகில் ரத்தம் வழிந்தது. ஆனாலும் அவள் சிறகை மடக்கவில்லை. தபித்தாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்போ... என் முட்டைங்க மேலே போகலையா?"

மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். "பல்லைப் பார்த்தேன் தபித்தாள். பார்த்தும் வழி விட்டேன்" என்றார்.

அப்போது எப்சிபாவின் சிறகுக்கு அடியில் ஓடு விரிந்தது. ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. விரலளவு குஞ்சுகள்! வெளியே வந்து, தள்ளாடி, ஈரம் காயும் முன்பே எழுந்து ஓடின! நேற்றுவரை ஓட்டுக்குள் இருட்டில் கிடந்தவை, இன்று கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தன.

கடைசியாக ஒரு முட்டை மட்டும் இருந்தது. எப்சிபாவுக்கு முதுகு வலித்தது. அவள் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இங்கே வாங்க. இதுமேல நீங்க உட்காருங்க."

தபித்தாள் மெல்ல வந்தாள். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவள் கண் பெரிதானது.

"எப்சிபா! உள்ளே இருந்து தட்டுது! என்னைத் தட்டுது!"

மூப்பர் தோகையைத் தரையில் தாழ்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தபித்தாளின் மார்புக்கு அடியிலிருந்து அந்தச் சின்னத் தலை வெளியே வரும்வரை காடு முழுவதும் சத்தமில்லாமல் காத்திருந்தது.

போதிக்கிறவர் எவ்வளவு பரிசுத்தமாகத் தோன்றினாலும், அவர் சொல்வதை ஆண்டவர் சொன்ன முழு வார்த்தையோடும் வைத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும், பிள்ளைகளே.