கருத்துப் பெட்டி

ரேணுகாவுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தாள்.

எல்லாம் அந்தக் காலத்தில் அணை கட்ட மண் சுமந்த ஆட்களின் படங்கள். ஊர் ஊராய்ப் போய், இது யார், அது யார் என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர்கள் கதையை எழுதி, அணைக்குப் பக்கத்து நூலகத்தில் மாட்டியிருந்தாள். அவளுடைய முனைவர் படிப்பே இதுதான். சனங்கள் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று காட்டினால்தான் பட்டம். தேர்வாளர்கள் நாளைக் காலையில் வருகிறார்கள்.

சனங்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் தங்கள் வீட்டு ஆளின் படத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடிமேல் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்தால் இவள் அந்தத் துணியால் துடைக்க வேண்டியது.

காக்கிச் சட்டை போட்ட லாரி டிரைவர் ஒருவர் உள்ளே வந்தார். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பெரியவர் படத்தில் விபூதி பூசினார்.

“ஏங்கண்ணு, எங்க தாத்தாவத் தெனமும் நீதான் குளிப்பாட்டி விடறயா? நேத்துப் பூசிட்டுப் போனேன், இன்னிக்குப் பளிச்சுனு நிக்கறாரு!”

“கீழ எழுதியிருக்கறதப் படிச்சீங்களாண்ணா?”

“எங்க தாத்தா கதைய எனக்கே சொல்றியா?”

“அப்ப ஒரு வரியாவது எழுதி அந்தப் பெட்டியில போட்டுட்டுப் போங்கண்ணா.”

“எழுதறதுக்கு என்ன கண்ணு இருக்கு? வண்டி ரோட்டுல நிக்குது, வர்றேன்.”

அவர் இறங்கிப் போக, எதிரே பேராசிரியர் சவரிமுத்து ஏறி வந்தார். ரேணுகாவின் ஆய்வுக்கு வழிகாட்டி அவர்.

“சாப்பிட்டியாம்மா?”

அவள் கருத்துப் பெட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். கிழிந்த பஸ் டிக்கெட் ஒன்றும் பிஸ்கட் காகிதமும் விழுந்தன.

“இதுதான் சார் என் மக்கள் கருத்து.”

“பிஸ்கட் நல்ல கம்பெனிதான்.”

“விளையாடாதீங்க சார். உடம்புல தெம்பே இல்ல. நான் எழுதினத ஒருத்தரும் படிக்கல. அவங்களும் ஒரு வரி எழுதல. நாளைக்கு வர்றவங்ககிட்ட எதக் காட்டுவேன்? இந்தப் படிப்பு யாருக்குத்தான் சார்?”

சவரிமுத்து படங்களைப் பார்த்தபடி ஒரு சுற்று நடந்தார். துடைத்தவை பளபளத்தன. துடைக்காதவற்றில் நெற்றி நிறையப் பொட்டு இருந்தது.

ரேணுகா பெருமூச்சு விட்டு, டிரைவர் பூசிய விபூதியின் மேல் துணியைக் கொண்டுபோனாள்.

சவரிமுத்து அவள் கையிலிருந்து துணியை வாங்கினார். துடைத்துத் தரப்போகிறார் என்று அவள் ஒதுங்கி நின்றாள். அவர் மேசைமேல் அதை விரித்து, நாலு மூலையையும் இழுத்துவிட்டார். குங்குமமும் சந்தனமும் விபூதியும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி, துணியில் வெறும் இடம் என்று ஒரு விரல் அகலம்கூட இல்லை.

“அவங்க எழுதினது பூரா இதுலதாம்மா இருக்கு. நாளைக்கு இதக் காட்டு.”