சாணுக்கு இத்தனை மார்க்

சரித்திரப் பேராசிரியர் குற்றாலலிங்கம் விடைத்தாளைப் படிக்கவே மாட்டார், சாண் போட்டு அளந்துதான் மார்க் போடுவார் என்பது அந்தக் கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம். வந்தவாசிப் போரைப் பற்றிய கேள்விக்கு வடிவு ஒன்றரைப் பக்கத்தில் ஆண்டு, காரணம், விளைவு எல்லாம் எழுதியிருந்தாள். இருபதுக்கு நாலு மார்க் விழுந்தது.

"இதுல என்ன சார் விட்டுப்போச்சு?"

"ஆறரைப் பக்கம் விட்டுப்போச்சு. அடுத்த தடவையும் எட்டுப் பக்கம் வரலேன்னா அரியர் எழுதிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்."

அடுத்த பரீட்சையில், 'ஏதேனும் ஒரு போரைப் பற்றிக் கட்டுரை வரைக' என்று கேட்டிருந்தார். வடிவு அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எட்டுப் பக்கம் எழுதி, நூல் கட்டிக் கொடுத்தாள். பதினெட்டு மார்க்! பேராசிரியருக்குப் பெருமை தாங்கவில்லை. தாளோடு அவளையும் கூட்டிக்கொண்டு முதல்வர் அறைக்கே போய்விட்டார்.

"என் கண்டிப்புக்குப் பலனைப் பாருங்க மேடம்."

முதல்வர் புரட்டினார். 'இப்போர் வரலாற்றில் ஒரு மைல்கல். இதற்குக் காரணங்கள் பல. விளைவுகளோ அதைவிடப் பல.' எட்டாம் பக்கத்திலும் அதே மைல்கல்தான் நின்றது.

"இது எந்தப் போர் சார்?"

குற்றாலலிங்கம் தாளை வாங்கி முதல்முறையாகப் படித்தார். கடைசி வரி வரை படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார்.

முதல்வர் வடிவின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா, எந்தப் போர்?"

"எனக்கும் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா ஒன்றரைப் பக்கத்துல முடிச்சிருப்பேன்."