ஊதா டிரம்முக்கு ஒரே சொல்

வேப்பங்காட்டுப்புதூரில் மயிலாத்தாளின் இட்லிக் கடை வாசலில், ஒரு லாரி ஊதா நிற டிரம்மு ஒன்றை உருட்டிவிட்டுப் போயிற்று. லாரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரம்மு அடியில் கசிந்தது. நெடி மூக்கைத் துளைத்தது. நேற்றுவரை நாற்பது பேர் சாப்பிட்ட கடையை இன்று ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை தேர். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் அவள் வருசம் பூராவும் அடுப்பு மூட்டுகிறாள்.

செவ்வாய்க்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரும் ரொம்பப் படித்தவர்கள். வினையே அதுதான்.

நாச்சிமுத்து, ஒரு ரசாயனம் மனுசனை என்ன பாடு படுத்தும் என்று கணக்குப் போடுகிறவர். வையாபுரி, அந்த ரசாயனத்தைப் பற்றி உலகத்தில் எவன் ஆராய்ச்சி எழுதியிருந்தாலும் தேடிப் பிடித்துச் சலித்துப் படிக்கிறவர். இந்த இரண்டு தரப்புக்கும் மேலே சென்னியப்பன். தங்கமான மனுசர். மேலிடத்துக் கடிதம் என்ன சொல்கிறதோ அதை அட்சரம் பிசகாமல் செய்வார். இந்தத் தடவை கடிதம் இப்படி இருந்தது: "இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சொற்களைப் பட்டியலிடவும். பட்டியலில் இல்லாத எந்தச் சொல்லையும் பொதுமக்களிடம் பேசக் கூடாது."

பட்டியலோ காலி. "ஏனுங்க, இது என்ன கருமம்? எப்ப எடுப்பீங்க?" என்று மயிலாத்தாள் கேட்டதும் சென்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். மற்ற இருவரும் பொத்திக்கொண்டார்கள்.

"மூணும் ஊமையாட்ட நிக்குதே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், சொற்களை முடிவு செய்ய மூவரும் கூட்டம் போட்டார்கள்.

"உள்ள இருக்கற கெடுதிக்குப் பேரு ஆபத்துங்க. அது நம்ம மேல படறதுக்கு எவ்வளவு வாய்ப்போ, அதுக்குப் பேரு இடர்," என்றார் நாச்சிமுத்து.

"அதெப்படிங்க? ஆராய்ச்சி பண்ணுனவன் கோணலாப் பண்ணியிருப்பானோங்கற சந்தேகத்துக்குத்தான் நாங்க இடர்னு சொல்றோம்," என்றார் வையாபுரி.

"அப்பக் கெடுதிக்கு என்ன சொல்லுவீங்க?"

"ரெண்டு பேரு தனித்தனியாப் படிச்சுக் கெடுதின்னு சொல்லோணும். பேரெல்லாம் அப்புறம்."

சென்னியப்பனுக்கு இரண்டும் நியாயமாகப் பட்டது. அவருக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். ஒத்துப்போகாததால் 'ஆபத்து', 'இடர்' இரண்டு சொல்லையும் வேண்டாமென்று அடித்துவிட்டார். புதன்கிழமை 'நஞ்சு' போயிற்று. வியாழக்கிழமை காலையில் 'டிரம்மு'ம் போயிற்று, வையாபுரி அதைப் பீப்பாய் என்றுதான் சொல்வாராம்.

நல்லவேளையாக அதன் மேல் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. நாச்சிமுத்து போய்ப் படித்தார். 'தொட்டால் தோல் வெந்துவிடும்.' அதைக் காகிதத்தில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து வையாபுரியின் முறை.

"அவரு படிச்சதையே நானும் பாத்தா, என் முடிவு அவரு பக்கம் சாஞ்சுருமுங்க," என்றார் வையாபுரி.

"அதுவும் நியாயந்தான்," என்ற சென்னியப்பன், துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எழுத்து மொத்தத்தையும் துடைத்துவிட்டு வந்தார். "இப்பப் போய்ப் படிங்க."

வையாபுரி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுமே எழுதலைங்களே!"

இருவருக்கும் முடிவு வேறு வேறானால் மூன்றாமவர் பார்க்க வேண்டும் என்பது விதி. சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சத்தியமாக ஒன்றும் இல்லை. ரெண்டுக்கு ஒன்று. நாச்சிமுத்து பெருந்தன்மையாகத் தன் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

"அடப் பாவிகளா, நானே படிச்சேனே!" என்று கத்தினாள் மயிலாத்தாள்.

"அந்தம்மா எந்தத் தரப்புலயும் இல்லீங்க," என்று வையாபுரி சென்னியப்பன் காதில் சொன்னார்.

கெடுதி இல்லையென்று ஆன பிறகு நின்றுகொண்டே எதற்கு அறிக்கை எழுத வேண்டும்? நாச்சிமுத்துவும் வையாபுரியும் டிரம்மு மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். அடித்தகடு பிளந்தது. ஊதாத் தண்ணீர் இரண்டு பேர் காலிலும் கொட்டியது.

"அய்யோ!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

மயிலாத்தாள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே காலில் ஊற்றினாள். கால் நாலும் பணியாரமாட்டம் உப்பிவிட்டது. சென்னியப்பன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. எல்லாம் சந்தோசம்தான்.

"ரெண்டு தரப்புக்கும் ஒரே சொல்லு வந்துருச்சுங்க! மூணு நாள்ல மொதல் சொல்லு!" என்று பூரித்து, அதைப் பட்டியலில் எழுதி, துடித்துக்கொண்டிருந்த இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

மயிலாத்தாள் குடத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "விடிஞ்சாத் தேருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். மிச்சம் கெடக்கற இந்தச் சனியனை எடுப்பீங்களா மாட்டீங்களா? நான் கடை போடறதா வேண்டாமா? வாயத் தொறந்து ஒரு பதில் சொல்லுங்க சாமி!"

இப்போது சென்னியப்பன் வாயைப் பொத்த வேண்டிய அவசியமே இல்லை. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து உறுதி செய்துகொண்டார். அப்புறம் அரசாங்க மரியாதையோடு கைகூப்பிச் சொன்னார்:

"அய்யோ."