ஒரே கயிற்றில் மூன்று கோடரிகள்

முன்னொரு காலத்தில் ராஜாக்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மலைதான் இருந்தது. முகில்மலை என்று பெயர். அதன் காட்டை மூவரும் போட்டி போட்டு வெட்டினார்கள். வெயில் ஏறியது, மழை பொய்த்தது, மூன்று நாட்டு ஆறுகளும் வெறும் மணலாயின.

அரசனின் கோடரி தரையைத் தொட்டால் அந்த நாட்டார் மரம் வெட்டுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். "மற்ற இருவர் கோடரியும் தரையைத் தொடும் கணமே என்னுடையதும் தொடும்" என்று மூவருமே சத்தியம் செய்துவிட்டு, வெட்டிக்கொண்டே இருந்தார்கள். முதலில் இறங்கிப்போனால் கௌரவம் என்ன ஆவது?

மூவரில் ஒருவரான நம் ராஜா, தம் அவையின் விகடகவி அம்பலவனை அழைத்தார். "வெட்டு நிற்க வேண்டும். ஆனால் நான் முந்தியதாகப் பேச்சு வரக்கூடாது."

அம்பலவனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் மதிசேகரர் சமயம் பார்த்தார். "அரசே, நம் கோடரி நூலிழை முந்தினாலும் இவன் கழுத்தை வெட்டிவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அம்பலவன் மூன்று அரசர்களையும் கோடரியோடு மலையுச்சிக்கு வரவழைத்தான். கோடரிகளைச் சேர்த்து ஒரே கயிற்றில் கட்டி, கிளைமேல் போட்டு உயரத் தூக்கி, மறுமுனையை அடிமரத்தில் முடிந்தான். வேடிக்கை என்று எண்ணி அரசர்கள் சிரித்தார்கள்.

"தாங்கள் செய்த சத்தியம் நினைவிருக்கிறதா?"

மூவரும் தலையாட்டினார்கள். அடிமரத்து முடிச்சை அவன் அவிழ்த்தான். மூன்றும் ஒரே சத்தத்தோடு விழுந்தன.

"எது முந்தியது, அமைச்சரே?"

மதிசேகரர் குனிந்து குனிந்து பார்த்தார். மூன்று அலகும் ஒன்றாகவே மண்ணில் பதிந்திருந்தன.

கொடுத்த வாக்கில் மாட்டிக்கொண்ட அரசர்கள் வெட்டை நிறுத்தச் சொல்லித் தம் ஆட்களுக்குக் கையசைத்தார்கள். மலையெங்கும் வெட்டுச் சத்தம் அடங்கியது. அப்போதுதான் அந்தக் காட்டின் அமைதியை அவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். கடல் பக்கமிருந்து ஒரு மேகம் மூன்று நாடுகளையும் மூடியபடி ஏறி வந்து, மிச்சமிருந்த மரங்களில் தங்கிச் சொட்டத் தொடங்கியது. வேர்களுக்கடியில் தண்ணீர் கசியும் ஓசை கேட்டது. அரசர்களுக்கு உடல் சிலிர்த்தது. நம் ராஜா மகுடத்தைக் கழற்றிவிட்டு, நனைந்தபடி அண்ணாந்து நின்றார். இவ்வளவு பெரியதையா பங்கு போட்டுக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"நாளைக்கே ஒருவர் தம் கோடரியை எடுத்துக்கொண்டால்?" என்றார் அமைச்சர்.

"எடுக்கட்டும்" என்றான் அம்பலவன். "கோடரிகளைப் பிணைத்த முடிச்சு அப்படியேதான் இருக்கிறது. ஒன்றைத் தூக்கினால் மற்ற இரண்டும் கூடவே வரும். மற்றவர்களுக்குத் தெரியாமல் போகுமா?"

ராஜா மலையே எதிரொலிக்கச் சிரித்தார். தாம் வெட்டச் சம்மதித்த அம்பலவன் கழுத்திலேயே தம் முத்துமாலையைப் போட்டார்.