உப்புக்காரத் தெருவின் அழகு

பிள்ளைகளே, பெரியவர்களே, கொஞ்சம் காது கொடுங்கள். கடல் இன்னும் ஊருக்குப் பக்கத்தில் இருந்த காலம் அது. அப்போது மாவேழன் என்றொரு ராஜா இருந்தான். அவன் நகரத்தில் தெருக்கள் எத்தனையோ. அவனுக்குப் பிடித்தது உப்புக்காரத் தெரு ஒன்றுதான்.

“இந்தத் தெருவின் அழகு கெடக்கூடாது. புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் போடும்” என்று மந்திரியிடம் சொன்னான்.

மந்திரி கோலளந்தார் அளக்காமல் சோறுகூடச் சாப்பிடமாட்டார். தெருவின் பழைய வீடுகளைக் கோலால் அளந்தார், யோசித்தார், மறுபடியும் அளந்தார். மூன்று விதி பிறந்தது. கூரைக்குச் சிவப்பு ஓடு, சுவருக்கு வெள்ளை, வாசலுக்கு இரண்டு தூண். மீறினால் வீட்டை இடித்துவிடுவார்கள்!

அந்த வருஷம் தெருக்கோடியில் இரண்டு வீடுகள் எழும்பின. வணிகன் சாத்தப்பன் வீட்டில் ஓடும் வெள்ளையும் தூணும் சட்டப்படி இருந்தன. மந்திரிக்குப் பரம திருப்தி. அதற்கடுத்தது பாய் முடைகிற செம்பாயியின் வீடு. பனையோலைக் கூரை, மண்சுவர், தூணே கிடையாது.

“நாளைக்கே இடியுங்கள்” என்றார் மந்திரி.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள், பாவம்! ராஜாவிடம் ஓடி முறையிட்டாள். நேரில் பார்த்துவிடலாம் என்று ராஜா மந்திரியோடு நடந்தே வந்தான். தெருவில் கால் வைத்ததும் கொட்டியது மழை.

ஆனால் ராஜா நனையவில்லை. உப்பு சுமப்பவர்கள் தெரு அல்லவா? மூட்டை நனைந்தால் பிழைப்பே கரைந்து போகும். அதனால் ஒவ்வொரு வீட்டுக் கூரையும் தெருப்பக்கம் நீண்டு, பக்கத்துக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராஜா அதன் கீழேயே நடந்து வந்தான்.

சாத்தப்பன் வீட்டு வாசலில் மட்டும் தொப்பலாக நனைந்தான். கண்டவனும் வந்து ஒதுங்குவான் என்று அந்த வணிகன் கூரையைச் சுவரோடு நிறுத்தியிருந்தான்.

“ஐயையோ சாமி, இப்படி உள்ள வாங்க!” என்று செம்பாயி தன் ஓலைக் கூரையடியில் இடம் விட்டாள். அங்கே ஒரு சொட்டு விழவில்லை.

“கூரையை ஏனம்மா இவ்வளவு நீட்டினாய்?”

“மூட்டையோட போறவங்க நனையலாமா சாமி? இந்தத் தெருவுல எல்லார் வீடும் அப்படித்தானே இருக்கு!”

ராஜா ஈரத் தலையோடு விழுந்து விழுந்து சிரித்தான். “மந்திரியாரே, உம்முடைய கோலுக்கு இது மட்டும் அகப்படவில்லையே!”

மூன்று விதியும் அன்றே போயின. ‘எப்படி வேண்டுமானாலும் கட்டு, போகிறவர் நனையாமல் கட்டு’ என்ற ஒரே விதி வந்தது. சாத்தப்பனும் முணுமுணுத்துக்கொண்டே கூரையை நீட்டினான். அடுத்த மழையில் தெருப் பிள்ளைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நனையாமல் ஓடிக் கும்மாளமிட்டார்கள். மந்திரியும் கோலைப் போட்டுவிட்டு அவர்களோடு ஓடினார்.

ஆகவே, தெருவில் போகிறவர்களை எண்ணிக் கட்டிய வீடுதான் தெருவுக்கு அழகு.