சில்லின் தலைமேல் விசிறி

அந்தக் காலத்தில் கணினிப் பெட்டிக்குள் இருந்த சில்லுகளுக்கும் வாய் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு பேருந்துக் கம்பெனியின் முன்பதிவு அலுவலகத்தில் அப்படியொரு பெட்டி. உள்ளே எல்லா வேலையும் தலைமைச் சில்லுதான் பார்த்தது. பயணிகளின் விவரத்தைத் திருடன் படிக்க முடியாதபடி ரகசியக் குறிகளாக மாற்றிப் பூட்டுவதும் அதுவே. பெட்டியின் முகப்பில் அதன் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது. அந்தப் பெயர்ச் சீட்டில்தான் அதன் உயிர் இருந்தது.

கூட்டம் பெருகியபோது, பூட்டுவதற்கென்றே ஒரு சின்னச் சில்லைப் பக்கத்தில் பொருத்தினார்கள்.

"உனக்குக் கூட்டல் தெரியுமாடே?" என்றது பெரியது.

"தெரியாதுண்ணே."

"திரையில ஒரு எழுத்தாவது போடுவியா?"

"அதுவும் தெரியாது. நீங்க ஒரு டிக்கெட் பூட்டுறதுக்குள்ள நான் நூறு பூட்டிருவேன். அதை மட்டும் தாங்க, மத்ததை நீங்க பாருங்க."

சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததுதான் பெரியதற்குப் பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில், முன்பதிவு செய்யும் பொற்கலை பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்: "அந்தச் சின்னது வந்தப்புறம்தான் மெஷினுக்கு உயிரே வந்திருக்கு."

பெரியதற்கு வயிறு எரிந்தது. வயிறு இல்லாததால் தலை எரிந்தது. நாளைக்கு என் பெயரைக் கிழித்துவிட்டு இவன் பெயரை ஒட்டுவார்கள் என்று எண்ணியது.

பொங்கல் முன்பதிவு தொடங்கிய காலையில் அது சின்னதற்கு ஒரு டிக்கெட்கூட அனுப்பவில்லை. எல்லாவற்றையும் தானே பூட்டியது.

"அண்ணே, கை சும்மா இருக்கு. குடுங்க."

"சும்மாவே கிட."

வரிசை தெருமுனை வரை நீண்டது. "ஏம்மா, பொங்கலை ஊர்ல போய் வைக்கவா, இங்கேயே அடுப்பு மூட்டவா?" என்று ஒருவர் கத்தினார். அடுப்பு பெட்டிக்குள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. நண்பகலில் பெரியது சுருண்டது. திரை இருண்டது.

வந்த மெக்கானிக் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். ஆறவிட்டு, அதன் தலைமேல் ஒரு விசிறியை வைத்துத் திருகினார். பூட்டும் வேலை இனி நேராகச் சின்னதற்கே போகும்படி அமைத்தார். மாலைக்குள் வரிசை கரைந்தது. அத்தனையும் பூட்டியவனின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. முகப்பில் பெரியதன் பெயரே நிலைத்தது. உலக வழக்கம் அதுதானே. இருந்தும் பெரியது ஆறவில்லை.

அன்று முதல்தான் பெட்டிக்குள் தலைமைச் சில்லின் தலைமேல் விசிறி சுற்றுகிறது. வேலை மிகும்போது உர்ரென்று ஒரு சத்தம் கேட்குமே, அது விசிறியின் சத்தம் என்பார்கள். இல்லை, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் பெரியது இன்னும் முனகுகிறது.