உப்பை விட்டவர்

மலையடிவாரத்து மடத்தில் மாசிலாமணி சமைத்ததை எல்லோரும் சாப்பிடுவார்கள், மாசிலாமணியைத் தவிர. அவர் உப்பை விட்டுப் பல வருடம் ஆகிறது. அந்த விரதத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பந்தி முடிந்து கூடம் காலியான பிறகு, உப்பில்லாத கஞ்சியைத் தனியாக உட்கார்ந்து குடிப்பார்.

மடப்பள்ளியில் அவருக்குக் கீழே நான்கு பேர். அவர் நுழைந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். சிரித்துக்கொண்டிருந்தவன் கரண்டியைத் தேட ஆரம்பிப்பான். அது அவருக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததால் கோபமாகப் போய்க் குருவிடம் நின்றார்.

குருவுக்கு அவரைவிட ஐந்தாறு வயது குறைவு.

"நாலு பேரையும் மாத்திடுங்க சாமி. எனக்கு எதிராக் கூடிக்கிட்டாங்க."

"என்ன செய்யறாங்க?"

"ஒண்ணும் செய்யறதில்லை. அதுதான். ஒரு பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. பந்தியில உட்கார்ந்தா குடம் குடமாத் தண்ணி குடிக்கறாங்க. கேட்டா, வெயில்ங்கறாங்க."

"முன்னாடி செங்கோடன்னு ஒருத்தன் உங்களோட இருந்தானே?"

"விறகுக் கொட்டகையில போட்டிருக்கேன். நடுப்பந்தியில எழுந்து, குழம்புல உப்பு தூக்கல்னான். உப்பையே விட்டவனுக்கு நீ உப்பு சொல்லித் தர்றியான்னு கேட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"யாரும் ஒரு குறை சொன்னதில்லை. எப்படி இருக்குன்னா, பிரமாதம்ங்கறாங்க."

"நாளைக்கு என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றார் குரு.

"விரதம், சாமி."

"ஒரு வாய் போதும். பாவத்தை நான் ஏத்துக்கறேன்."

மறுநாள் பந்தியில் மாசிலாமணிக்கு ஓர் இலை விழுந்தது. எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவர் குழம்புச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார்.

விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துக்கொண்டார்.

சாமிக்குப் படைக்கும்வரை சமையலை யாரும் ருசி பார்ப்பதில்லை. அது மடத்து வழக்கம். மாசிலாமணிக்குக் கைதான் அளவு. சித்திரையில் யாரோ பக்தர் கல்லுப்புக்குப் பதிலாகத் தூளுப்பு மூட்டைகளை அனுப்பிவைத்தார். ஒரு பிடித் தூளுப்பு கல்லுப்பைவிட அதிகம் கரிக்கும்; உப்பு மாறியது, கை மாறவில்லை. இப்போது கார்த்திகை.

அவர் வரிசையை நிமிர்ந்து பார்த்தார். நான்கு பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தண்ணீருக்குக் கை நீட்டினான்.

"இத்தனை மாசமா இதையா சாப்பிட்டீங்க?" குரு பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா, சாமி?"

"செங்கோடன் சொன்னப்போ நானும் இதே பந்தியிலதான் இருந்தேன்," என்றார் குரு. "நீங்க அவனைக் கேட்ட கேள்வி என் காதுலயும் விழுந்தது. எனக்கும் பயம் வந்துடுச்சு."

மாசிலாமணி எழுந்தார். கை கழுவினாரோ இல்லையோ, நேரே விறகுக் கொட்டகைக்குப் போனார்.

செங்கோடன் சாப்பிட்டு முடித்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். ஓரத்தில் அவன் இலை, அதன் பக்கத்தில் காலியான இரண்டு செம்புகள். அவரைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான்.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். அது வாயில் வரவில்லை. கேட்கத் தெரிந்ததையே கேட்டார்.

"இன்னிக்குக் குழம்பு எப்படிப்பா இருந்தது?"

செங்கோடன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிரமாதங்க, ஐயா."

சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தான். மாசிலாமணி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அவர் திரும்பியபோது கூடம் காலியாகியிருந்தது. குரு மட்டும் தன் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாயில வைக்க முடியலை, சாமி. அதைப் போய் பிரமாதம்ங்கறான். உண்மையைக் கேட்கத்தான் போனேன். நான் இப்ப என்ன செய்யறது?"

குரு இலையை மடித்தார்.

"நாளைக்கும் போய்க் கேளுங்க."